டோங்ஷின்லுவோ காப்ஸ்யூலும் நெஞ்சுவலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். சீன மருந்துக் கடை பக்கத்திலேயே இருப்பதால், அங்கே சின்சே (சீன வைத்தியர்) சொன்னதையும் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதையும் தூக்கிக்கொண்டு நம் ஆட்கள் என்னிடம் வருவார்கள். டோங்ஷின்லுவோ என்ற சீன மருந்தைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

அண்ணே, இப்பவே நெஞ்சு வலிக்குது. இதைப் போடலாமா?

வேண்டாம். முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. நெஞ்சை யாரோ அழுத்துவது போன்ற வலி, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, இதில் எது இருந்தாலும் "வாயுவா இருக்கும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வலியே சரியாகத் தெரியாமல் வெறும் குமட்டலாகவோ அசதியாகவோகூட மாரடைப்பு வரும்.

வழக்கமாக வருகிற அதே வலிக்கு டாக்டர் முன்பே நைட்ரோகிளிசரின் கொடுத்திருந்தால், உட்கார்ந்துகொண்டு, அவர் சொன்ன அளவில் நாக்குக்கு அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ்தான். டோங்ஷின்லுவோ நாள்கணக்கில், மாதக்கணக்கில் சாப்பிடுகிற மருந்து. அவசரத்துக்கு என்று செய்ததே அல்ல.

சரி, அது என்ன மருந்து? கஷாயமா, மாத்திரையா?

காப்ஸ்யூல். சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் ஷிஜியாஜுவாங் நகரில் இருக்கிற யிலிங் மருந்து நிறுவனம் தயாரிக்கிறது. அதன் நிறுவனர் வூ யிலிங் உருவாக்கிய கலவை. சீன அரசு 1996-ல் அனுமதி கொடுத்தது. காப்ஸ்யூலுக்குள் 0.26 கிராம் தூள் இருக்கும். வேளைக்கு இரண்டு முதல் நான்கு, நாளுக்கு மூன்று வேளை. ஆக, முழு அளவில் சாப்பிட்டால் நாளைக்குப் பன்னிரண்டு காப்ஸ்யூல்.

மூலிகைன்னு சொன்னாங்க. உள்ள தேள் இருக்குன்னு என் மருமக சொல்றா. நெசமாவா?

நிஜம்தான். மொத்தம் பன்னிரண்டு சரக்கு. அதில் ஐந்து உயிரினங்களிலிருந்து வருபவை: அட்டை, தேள், பூரான், தரையில் வாழ்கிற கரப்பான் வகைப் பூச்சி ஒன்று, சிள்வண்டு உரித்துப்போட்ட தோல். மீதி ஏழும் செடி, மரம் சார்ந்தவை: ஜின்செங், செம்பியோனி வேர், சந்தனம், ரோஸ்வுட் இனத்து வாசனைக் கட்டை, குந்திரிக்கம், ஒருவகை இலந்தை விதை, போர்னியால். சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். "மூலிகை மருந்து" என்று பொதுவாகச் சொல்லி விற்பதால் பலருக்குத் தெரிவதில்லை.

இந்தப் போர்னியால் நமக்கும் பழையது. சர்க்கரைப் பொங்கலில் போடுகிற பச்சைக் கற்பூரம் அந்தக் காலத்தில் சுமத்ரா, போர்னியோ காடுகளின் மரங்களிலிருந்து வந்த இதே சரக்குதான். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் கற்பூரத் துறைமுகம். அதை ஒட்டிய லோபு துவாவில் தமிழ் வணிகர்களான ஐந்நூற்றுவர் 1088-ல் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். இப்போது சீன மருந்துகளில் சேர்வது பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்தது.

சீனாக்காரங்க ரெண்டாயிரம் வருஷமா சாப்பிடுறாங்க. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

இந்தக் காப்ஸ்யூலை யாரும் ரெண்டாயிரம் வருடமாகச் சாப்பிடவில்லை. மேலே சொன்னபடி அது 1996-ல் சந்தைக்கு வந்த சரக்கு. நெஞ்சுவலிக்குச் சீன வைத்தியத்தில் பழைய மருந்துகள் உண்டுதான். ஹான் காலத்து வைத்தியர் சாங் சோங்ஜிங் நெஞ்சு அடைப்புக்கு எழுதிவைத்தது ஒருவகைப் புடலை இனக் காயையும் வெங்காய இனப் பூண்டையும் மதுவில் போட்டுக் காய்ச்சுகிற முறை. அதற்கும் தேள், பூரான் போட்ட இந்தக் கலவைக்கும் சரக்கில் ஒற்றுமை இல்லை.

நாக்குக்கு அடியில குட்டிக் குட்டியா மாத்திரை வைக்கிறாங்களே, அதுவும் இதுதானா?

இல்லை. அது சூஷியாவ் ஜியூஷின் வான், தியான்ஜின் நகரத்துச் சரக்கு. கடுகை விடக் கொஞ்சம் பெரிதான உருண்டைகள், குட்டிச் சுரைக்காய் வடிவப் புட்டியில் வரும். சுவான்ஷியோங் என்ற வேரும் போர்னியாலும்தான் உள்ளே. சீனாவில் பல வயதானவர்கள் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள். வலி வந்ததும் பத்து, பதினைந்து உருண்டைகளை நாக்கடியில் போட்டுக்கொள்வது பழக்கம்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு அதைப் பற்றி 2008-ல் 15 ஆய்வுகளை, மொத்தம் 1,776 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தது. பலன் இருப்பதாகத் தெரிகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் மட்டமாக இருப்பதால் ஆதாரம் பலவீனம் என்று எழுதியது. டோங்ஷின்லுவோவுக்கும் கிட்டத்தட்ட இதே தீர்ப்புதான். அது அடுத்த கேள்வியில்.

நெஞ்சுவலிக்கு இது கேக்குதுன்னு ஆராய்ச்சி இருக்கா இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

இருக்கிறது. ஆனால் அதை நம்பி ஒரு மருந்தை எழுதிக் கொடுக்கிற அளவுக்கு உறுதியாக இல்லை.

இங்கே நெஞ்சுவலி என்பது ஆஞ்சைனா. இதயத் தசைக்கு ரத்தம் போகிற குழாய் சுருங்கிப்போனதால், வேலை செய்யும்போதோ மாடிப்படி ஏறும்போதோ வருகிற வலி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, நாளுக்கு நாள் அதிகமானாலோ அதை நிலையற்ற ஆஞ்சைனா என்பார்கள், மாரடைப்புக்கு முந்தைய படி. இந்த நிலையற்ற ஆஞ்சைனாவுக்கு டோங்ஷின்லுவோ உதவுமா என்று காக்ரேன் அமைப்பு 2006-ல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. குறுகிய கால ஆய்வுகள் 18, அவற்றில் 1,413 பேர். வலி வருகிற தடவைகள் குறைந்ததாகவும் ஈசிஜி தேறியதாகவும் அந்த ஆய்வுகள் சொல்லின. மதிப்பாய்வு செய்தவர்களோ, இவற்றின் தரத்தை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டார்கள்.

18 ஆய்வு நல்லதுன்னு சொல்லுது. அப்புறம் எதுக்கு இழுக்குறீங்க?

சராசரியாகப் பாருங்கள், ஆய்வுக்கு எண்பது பேர்கூட இல்லை. சில வாரங்களில் முடிந்துவிடும் ஆய்வுகள். ஆஞ்சைனா வலி தானாகவே ஏறி இறங்கும் தன்மையுள்ளது. மோசமாக இருக்கும்போதுதான் ஆள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார், கொஞ்ச நாளில் எப்படியும் குறையும். மருந்து கொடுக்காத, அல்லது போலி மருந்து (பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே மருந்து இருக்காது) கொடுத்த இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டால்தான் குறைந்தது மருந்தாலா, தானாகவா என்று தெரியும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். டாக்டருக்கும் தெரியக்கூடாது, நோயாளிக்கும் தெரியக்கூடாது. "இன்னைக்கு எத்தனை தடவை வலிச்சது?" என்ற கேள்விக்கு வருகிற பதில், தான் சாப்பிடுவது நிஜ மருந்தா என்று தெரிந்த உடனே மாறிவிடும்.

அந்தக் குலுக்கல் உண்மையில் நடந்ததா என்பதே பெரிய கேள்வி. சீனாவின் செங்டு நகரத்தைச் சேர்ந்த வூ தைஷியாங் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும், "குலுக்கல் முறையில் பிரித்தோம்" என்று சீன இதழ்களில் எழுதியவர்களுக்கு நேரடியாகப் போன் போட்டு, எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டார்கள். 2009-ல் அந்த முடிவு வந்தது. பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. குலுக்கல் என்றால் என்ன என்பதே எழுதியவர்கள் பலருக்குப் பிடிபடவில்லை. இதே வூ தைஷியாங்தான் மேலே சொன்ன 2006 மதிப்பாய்வையும் முன்னின்று எழுதியவர். ஆகவே இதை வெளிநாட்டுக்காரரின் ஏளனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தோற்றுப்போன ஆய்வு அச்சுக்கே வராமல் போவது இன்னொரு சிக்கல். 1998-ல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்பவர் அக்குபங்சர் ஆய்வுகளை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, சீனாவிலிருந்து வந்தவை அத்தனையும் வெற்றி. எந்த வைத்தியமும் அப்படி நூற்றுக்கு நூறு எடுக்காது. எனக்கு 18-க்கு 18 என்று யாராவது சொன்னால் சந்தேகம்தான் கூடுகிறது.

2023-ல ஒரு பெரிய ஆய்வு வந்து எல்லாரையும் வாயடைச்சிருச்சாமே?

வந்தது, நல்ல ஆய்வும்கூட. பெய்ஜிங் ஃபூவாய் மருத்துவமனையின் யாங் யுஎஜின் தலைமையில், சீனா முழுக்க 124 மருத்துவமனைகளில், 2019 மே முதல் 2020 டிசம்பர் வரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். மாரடைப்பில் கடுமையான வகை, அதாவது ஈசிஜியில் எஸ்டி பகுதி மேலே தூக்கி நிற்கிற வகை, வந்து 24 மணி நேரத்துக்குள் இருந்தவர்கள் 3,777 பேர் கணக்கில் வந்தார்கள். பாதிப் பேருக்கு டோங்ஷின்லுவோ, பாதிப் பேருக்கு அதே மாதிரி போலி காப்ஸ்யூல். முதலில் ஒரே தடவையில் எட்டு காப்ஸ்யூலுக்குச் சமமான அளவு, பிறகு ஒரு வருடம் நாளுக்குப் பன்னிரண்டு. முடிவு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது.

30 நாளில் இதய மரணம், மறு மாரடைப்பு, அவசரமாக மறுபடி குழாயைத் திறக்க வேண்டிய நிலை, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் மருந்துக் கூட்டத்தில் 3.4 சதவீதம், போலி மருந்துக் கூட்டத்தில் 5.2 சதவீதம். ஒரு வருடத்தில் 5.3-ம் 8.3-ம். வாட்ஸ்அப்பில் "36 சதவீதம் குறைவு" என்று சுற்றுவது இந்தக் கணக்கைத்தான். தவறில்லை, ஆனால் வேறு விதமாகவும் பார்க்கலாம்: முதல் 30 நாளில் 100 பேருக்குக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் குறைவாகவே கூடுதல் பலன். எல்லாக் காரணங்களும் சேர்ந்த ஒரு வருட மரணத்தில், புள்ளிவிவரப்படி உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதய மரணங்கள் குறைந்தது உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அப்ப நெஞ்சுவலிக்கும் நிரூபிச்ச மாதிரிதானே?

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கிற சிகிச்சை, செய்து அடைப்பை நீக்கியிருந்தார்கள். ஆஸ்பிரின், கொழுப்பு மருந்து எல்லாம் கூடவே போய்க்கொண்டிருந்தன. அதற்கு மேல் இதையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு பிடிக்கிற மாமாவுக்கு வலி குறையுமா என்று அவர்கள் கேட்கவே இல்லை.

முதல் கேள்விக்கு நல்ல விடை வந்திருக்கிறது. நீங்கள் கேட்கிற இரண்டாவது கேள்விக்கு அந்தச் சின்னச் சின்ன 18 ஆய்வுகளின் நிலைமையில்தான் நிற்கிறோம். பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூறு எடுத்த பிள்ளைக்குக் கணக்கிலும் தொண்ணூறு போட முடியுமா? ஆஞ்சியோ வேண்டாம், காப்ஸ்யூல் போதும் என்று முடிவெடுக்க அந்த ஆய்வைக் காட்டுவது இன்னும் ஆபத்து. பெரும்பாலும் குழாயைத் திறந்தவர்களிடம்தான் அது சோதிக்கப்பட்டது.

கம்பெனியும் அதுல சம்பந்தப்பட்டிருக்கு. எப்படி நம்புறது?

சம்பந்தம் உண்டு. ஆனால் அதற்காக மட்டும் தூக்கிப் போட்டால் ஆங்கில மருந்துகளில் பாதிக்கு மேல் தூக்கிப் போட வேண்டியிருக்கும். அவற்றின் பெரிய ஆய்வுகளும் கம்பெனிப் பணத்தில்தான் நடக்கின்றன. எந்த முடிவை அளப்பது என்று முன்கூட்டியே பதிவு செய்தார்களா, போலி மருந்து இருந்ததா, யாருக்கு எது என்று மறைத்தார்களா என்று பார்ப்பதுதான் வழி. இவற்றில் 2023 ஆய்வு தேறுகிறது. இனி, கம்பெனியோடு தொடர்பில்லாத வேறு குழு, முடிந்தால் வேறு நாட்டில், செய்து இதே விடை வந்தால் எனக்கும் நம்பிக்கை வரும்.

கொரோனா சமயத்தில் லியன்ஹுவா சிங்வென் காப்ஸ்யூலுக்கு அலைந்தோமே, அதுவும் இதே யிலிங் நிறுவனத்துடையதுதான். அதை கோவிட் மருந்தாக அனுமதிக்கவில்லை, சளி, காய்ச்சல் அறிகுறிகளுக்கு மட்டும்தான் என்று சிங்கப்பூர் அரசு அப்போது விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. விற்பனைப் பேச்சு மருந்தை விட வேகமாக ஓடும்.

அட்டை ரத்தத்தை உறிஞ்சுறது. அப்ப ரத்தக்கட்டைக் கரைக்கத்தானே செய்யும்?

நல்ல கேள்வி, பாதி சரியும்கூட. அட்டையின் எச்சிலில் ஹிருடின் என்ற புரதம் இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும். அதை மாதிரியாக வைத்துச் செய்த பைவாலிருடின் என்ற ஊசி இன்று ஆஞ்சியோபிளாஸ்டியின்போது உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

ஆனால் பைவாலிருடின் நேராக ரத்தக்குழாயில் ஏறுகிறது. காப்ஸ்யூலில் இருப்பது காயவைத்துப் பொடித்த அட்டை, வாய் வழியாகப் போவது. புரதம் வயிற்றுக்குள் போனால் முட்டை, பருப்பு மாதிரி செரித்துப்போகும். எனவே "அட்டை இருக்கிறது, அதனால் ரத்தக்கட்டு கரையும்" என்ற வாதம் இடையில் அறுந்துவிடுகிறது. குழாய்களின் உட்சுவரைக் காக்கிறது, நுண்குழாய்களில் ஓட்டத்தைச் சீராக்குகிறது என்று விலங்குச் சோதனைகள் இருக்கின்றன. பன்னிரண்டு சரக்கில் எது எதைச் செய்கிறது என்று பிரித்துச் சொல்வது லேசில்லை.

எனக்கு ஸ்டெண்ட் வச்சிருக்கு. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் ரெண்டும் போகுது. கூடச் சேத்துக்கலாமா?

அவை இரண்டுமே ரத்தம் கட்டாமல் தடுக்கிற மருந்துகள், இதய டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். 2023 ஆய்வில் பெரிய ரத்தக்கசிவு இரு கூட்டத்திலும் வித்தியாசப்படவில்லை என்பது ஆறுதலான செய்தி. மருந்தால் வந்த தொந்தரவுகள் 40 பேருக்கு, போலி மருந்தில் 21 பேருக்கு. முக்கியமாக வயிற்றுக் கோளாறு. வயிறு எரிந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொல்லி மருந்துத் தாளிலேயே இருக்கிறது. ஆனால் அந்த நோயாளிகள் டாக்டர் கண்ணில் இருந்தவர்கள், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.

ரத்தக்கசிவு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மாதவிலக்கில் இருப்பவர்கள் சாப்பிடக்கூடாது என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். பூச்சி, கடல் உணவு ஒவ்வாமை இருப்பவர்களும் யோசிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் எச்சரிக்கை. இதயத்துக்கென்று விற்கிற இன்னொரு சீனச் சரக்கான டான்ஷென் வேர், வார்ஃபரினோடு சேர்ந்து ரத்தத்தை அளவுக்கு மீறி நீர்த்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சின்சே கொடுக்கிற பொட்டலத்தில் டான்ஷென் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மருதம்பட்டை நம்மகிட்டயே இருக்கே. எதுக்குத் தேளும் பூரானும்?

பட்டையை நிறுக்கிற தராசும் அதேதான். மருதம்பட்டைக்கு ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது: 2002-ல் வெளிவந்த ஆய்வில், நிலையான ஆஞ்சைனா உள்ள 58 ஆண்களுக்கு மருதம்பட்டைச் சாறு, ஐசோசார்பைடு என்ற ஆங்கில நெஞ்சுவலி மருந்து, போலி மருந்து மூன்றையும் ஒன்று மாற்றி ஒன்றாகத் தலா ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மருந்தை விடப் பட்டை மேல் என்று வந்தது. ஆனால் 58 பேர், ஒரு வாரம். சீனக் காப்ஸ்யூலிடம் கேட்ட கேள்விகளை நம் பட்டையிடம் கேட்காமல் விட்டால் நியாயமில்லை. சொல்லப்போனால் டோங்ஷின்லுவோவுக்காவது 3,777 பேரில் ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது.

நீங்க என்ன சொன்னாலும் அப்பா வாங்கத்தான் போறாரு. எதைப் பாத்து வாங்கச் சொல்றது?

மலேசியாவில் பதிவான மருந்து என்றால் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கம் இருக்கும். பாரம்பரிய மருந்துக்கு அந்த இலக்கங்களை அடுத்து டி என்ற எழுத்து வரும். அந்த எண்ணை மலேசிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையதளத்தில் தட்டினால் பெயரும் தயாரிப்பாளரும் வர வேண்டும். வராவிட்டால் தொடாதீர்கள். இணையக் கடைகளில் பாதி விலைக்கு வருவதை விட்டுவிடுங்கள். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்றுப் பிடிபட்டவர்கள் இங்கே நிறைய. இதய நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1956 சட்டப்படி இங்கே குற்றம். அப்படி எழுதியிருக்கிற விளம்பரத்தைக் கண்டாலே விற்பவர் எப்படிப்பட்டவர் என்று புரிந்துவிடும்.

அப்பா ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரை எதையும் இதற்காக நிறுத்தக்கூடாது, இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காப்ஸ்யூல் ஆரம்பித்த தேதியைப் பெட்டி மேலேயே பேனாவால் எழுதி, அடுத்த கிளினிக் நாளில் பெட்டியோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். "ஏதோ சீன மருந்து" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், காரணமில்லாமல் தோலில் நீலத் தழும்பு தென்பட்டால் அந்த நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.